தண்ணீரும் காகிதமும்

செங்கமலத்துக்கு அந்த வேலை 1974-ல் கிடைத்தது. கணவன் தர்மன் குவாரியில் மண் சரிந்து இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் மலர்கொடிக்கு அப்போது நான்கு வயது. அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் கிடந்த பழைய தானியக் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, அந்தச் சுற்றுவட்டார ஓடைகளில் கிடைத்த கல்லாகிப்போன நத்தைகளையும் சிப்பிகளையும் மரத்துண்டுகளையும் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி, ஒரு தனியார் அறக்கட்டளை அருங்காட்சியகம் திறந்தது. ஊரில் அதற்குக் ‘கல்லு மியூசியம்’ என்று பெயர். காப்பாட்சியராக வந்த ராசாங்கம் திருச்சிக் கல்லூரி ஒன்றில் நிலவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பெருக்கித் துடைக்கவும் டிக்கெட் கிழிக்கவும் ஆள் வேண்டும் என்றதும் அவர்தான் கல்லங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் ஊருக்கு ஆள் அனுப்பினார்.

அவருக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடைகளில் கல் தேட வருவார். எந்தக் கரையை மழை அறுத்திருக்கிறது, எங்கே நத்தைக்கல் வெளியே தெரிகிறது என்று காட்டிக்கொடுத்தவர் செங்கமலத்தின் அப்பா செல்லக்கண்ணு. அவர் பண்ணைக் கூலி. மகள் தண்ணீர்க்குடத்தோடு பின்னால் வருவாள். மாணவர்கள் கல்லைப் பார்த்து நோட்டில் வரைவார்கள். ஒரு வருடம் ஒரு பையன் வெயில் தாங்காமல் பாதியில் மரத்தடிக்குப் போய்ப் படுத்துவிட்டான். நோட்டைத் திருத்தும்போது ராசாங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தப் படத்தை முடிச்சது யாரு?”

பையன்கள் சிரித்தார்கள். செங்கமலம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “நாந்தாங்க சார். ஓட்டுல வரி முப்பத்தாறு இருக்குங்க. அந்த அண்ணன் இருபதுதான் போட்டிருந்தாரு” என்றாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த முப்பத்தாறு வரியை ராசாங்கம் மறக்கவில்லை. மியூசியத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒட்டுகிற அட்டைக்குப் படம் வரையும் வேலையையும் அவளிடமே கொடுத்தார். பதிவேட்டில் அவள் ‘துப்புரவுப் பணியாளர், தற்காலிகம்’. காலையில் கூட்டித் துடைத்து, கண்ணாடி துடைத்து, கூட்டம் இல்லாத மத்தியானத்தில் உட்கார்ந்து வரைவாள். சம்பளத்தில் அதற்கு ஒரு பைசா சேரவில்லை. அவளும் கேட்கவில்லை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. குவாரியில் கல் பொறுக்கியவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

1979-ல் குழந்தைகள் ஆண்டு என்று உலகமெல்லாம் கொண்டாடினார்கள். அறக்கட்டளைக்கும் ஏதோ நிதி வந்தது. சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மியூசியத்தில் ஓவியப் பயிலரங்கு என்று முடிவானது. பெரம்பலூரில் ஒரு உயர்நிலைப்பள்ளி டிராயிங் மாஸ்டர் குழந்தைவேல் பஸ் ஏறி வந்து நடத்துவதாக ஏற்பாடு. நல்ல மனிதர், நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை. வந்ததும் கரும்பலகையில் ஒரு தாமரை போடுவார். முப்பது பிள்ளைகளும் அதைப் பார்த்துத் தாமரை போட வேண்டும். அடுத்த வாரம் மாம்பழம். அதற்கடுத்த வாரம் மறுபடி தாமரை. மூன்றாவது வாரமே பிள்ளைகள் எழுந்து கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

“சார், இந்த நத்தை எப்புடி நடக்கும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அது கல்லும்மா. நடக்காது. ஒக்காரு” என்றார் குழந்தைவேல்.

செங்கமலம் கதவோரம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் ராசாங்கத்திடம் அதே கேள்வியைக் கேட்டாள். அது நடக்கவில்லை, நீந்தியது என்றார் அவர். தண்ணீரைப் பீச்சி அடித்துப் பின்பக்கமாகப் போகும்.

“பின்னாடி போனா எதுல போயி முட்டுதுன்னு அதுக்குத் தெரியாதுங்களே?”

ராசாங்கம் சிரித்துவிட்டார். “அது எனக்கும் தெரியல, செங்கமலம்.”

டிக்கெட் விலையைப் பத்துப் பைசாவிலிருந்து கால் ரூபாய் ஆக்கியதில் பழைய டிக்கெட் கட்டுகள் நூற்றுக்கணக்கில் அலமாரியில் தங்கிப்போயிருந்தன. அவள் ஒரு கட்டை எடுத்தாள். முதல் தாளின் மூலையில் ஓட்டுக்குள் ஒடுங்கிய பிராணி ஒன்றை வரைந்தாள். அடுத்த தாளில் கொஞ்சம் தலை நீட்டியது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். நாற்பது தாள் வரைந்தபின் தவறு பார்ப்பதற்காகக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டாள். பிராணி வெளியே வந்தது, தண்ணீரை அடித்தது, பின்னால் நழுவியது. செங்கமலம் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு எடுத்து மறுபடி விட்டாள். ராசாங்கத்தின் அறைக்கு ஓடியபோது அவளுக்குச் செருப்பு போடக்கூட நினைவில்லை.

அதன்பிறகு வந்த ஏழெட்டு மாதங்கள் அவளுடைய வாழ்க்கையில் வேறு மாதிரியானவை. ராசாங்கம் எங்கிருந்தோ ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து, சுற்றுகிற உருளை ஒன்றின் படத்தைக் காட்டினார். வனஸ்பதி டின் ஒன்றை வாங்கி, தகரக்கடையில் கொடுத்துப் பன்னிரண்டு கீறல் வெட்டி, வெளியே கறுப்படித்து, சைக்கிள் சக்கரத்தின் நடு அச்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே பன்னிரண்டு படம் வரைந்த நீளத் தாளைச் சுருட்டி வைத்துச் சுற்றிவிட்டு, கீறல் வழியே பார்த்தால் படம் நிற்காமல் அசையும். சனிக்கிழமை பிள்ளைகள் வரிசையில் நின்று முட்டி மோதினார்கள். “ஓவியமும் அசையும் படமும்: செய்முறைப் பயிலரங்கு” என்று பேனர் மாறியது.

குழந்தைவேல் ஒதுங்கிக்கொண்டார். அவருக்கும் நிம்மதிதான், ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். செங்கமலம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்.

“ரெண்டு படத்துக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. அத யோசிக்காம போட்டா குதிரை ஓடாது, வெட்டி வெட்டி விழும்.”

கோடு நடுங்குகிற பிள்ளையின் கையைப் பின்னாலிருந்து பிடித்து, தன் கையோடு சேர்த்து ஓட்டிக் காட்டுவாள். தவளை குதித்தது. காற்றாடி சுற்றியது. எறையூர் மில்லுக்குப் போகிற கரும்பு வண்டி ஒன்று பன்னிரண்டு படத்தில் மேடேறியது. யார் ஆரம்பித்தார்களோ, எல்லோரும் அவளை ‘டப்பா டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை கேட்டபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

தன் மகளை அவள் ஒரு நாளும் கூட்டிவரவில்லை. பணியாளர் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டா என்று கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? இருப்பதும் கெட்டுவிடும் என்று பயந்தாள்.

அந்த வகுப்பில் ராசாத்தி என்று ஒரு சிறுமி. ரைஸ்மில்காரர் வீட்டுப் பெண், பத்து வயது. தாவும் ஆட்டுக்குட்டி ஒன்றை நான்கு வாரம் போராடி வரைந்து முடித்திருந்தாள். அதைக் காட்டுவதற்காக அம்மா குஞ்சம்மாளை ஒரு சனிக்கிழமை இழுத்துக்கொண்டு வந்தாள். குஞ்சம்மாள் பட்டுப்புடவையும் கைப்பையுமாக வாசலில் நின்றாள்.

“யாருடி ஒங்க டீச்சர்?”

“அதோ, அவங்கதான்!”

செங்கமலம் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். குஞ்சம்மாள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“நீ செல்லக்கண்ணு மவ இல்ல?”

“ஆமாங்கம்மா.”

“எங்க களத்துல நெல்லு தூத்த வருவியே.”

“ஆமாங்கம்மா. சின்னப்புள்ளையில.”

குஞ்சம்மாள் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். வாசலில் குழாய் இருந்தது. அதைத் திறந்து அந்தப் பெண்ணின் இரண்டு கையையும், முழங்கை வரைக்கும், தேய்த்துக் கழுவிவிட்டாள். ராசாத்தி என்ன என்று புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆட்டுக்குட்டித் தாள் உருளைக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறக்கட்டளைச் செயலாளருக்கு ஒரு புகார் மனு வந்தது. பதினொரு பெற்றோர் கையெழுத்து. ‘தகுதியற்ற துப்புரவுப் பணியாளர் ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். பிள்ளைகளைத் தொடுகிறார்.’ அவ்வளவுதான். என்ன சாதி, எந்தத் தெரு என்று ஓர் எழுத்து அதில் இல்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

ராசாங்கம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது.

“செங்கமலம், செயலாளர் ஒன்னைய நிறுத்திடச் சொல்றாரு. நான் பேசிப் பாத்தேன். ஒரு வழி இருக்கு. இதுல கையெழுத்து மட்டும் போட்டுடு.”

அவள் எடுத்துப் படித்தாள். ‘நான் பயிலரங்கில் குழந்தைகளுக்கு எந்தப் பயிற்சியும் எக்காலத்திலும் அளித்ததில்லை. அவர்களுக்குத் தண்ணீரும் காகிதமும் வழங்குவது மட்டுமே என் பணி. இதற்கு மாறாகச் சொல்லப்படுவது உண்மையல்ல.’ கீழே அவள் பெயரும் தேதியும். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“எக்காலத்திலும்னு போட்டிருக்குங்களே.”

“அது சும்மா. ஆபீஸ் பாஷை. வெறும் காகிதம்தான். அவங்க வாய அடைக்கணும்ல?”

“இதுல போட்டா வேலைய எடுத்துட மாட்டாங்களே?”

“நான் இருக்கற வரைக்கும் எடுக்க மாட்டாங்க.”

மலர்கொடி அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் செங்கமலத்துக்கு மறுபடி குவாரிதான். மனுசன் தனக்காக இவ்வளவு பேசியிருக்கிறாரே என்ற நன்றியும் இருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பயிலரங்கு நிற்கவில்லை. அந்த உருளையை நிறுத்தினால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று செயலாளருக்கே தெரியும். அதனால் ஒரு ஏற்பாடு தானாக உண்டானது. குழந்தைவேல் சனிக்கிழமையோடு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பெரம்பலூரிலிருந்து வர ஆரம்பித்தார். கிடங்கின் பின்னால் சாமான் அறை. அங்கே உட்கார்ந்து செங்கமலம் அவருக்கு அடுத்த நாள் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பாள். மாதிரித் தாள்களை அவளே வரைந்து வைப்பாள். முதலில் “இந்தாம்மா” என்று கூப்பிட்டவர், போகப் போகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குறிப்பெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். கெட்டவர் இல்லை. ஒரு தீபாவளிக்கு மலர்கொடிக்கு ரிப்பன் வாங்கி வந்தார்.

மறுநாள் அவள் பானையருகே நிற்பாள். அவர் முன்னால் நின்று, “ரெண்டு படத்துக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு யோசிக்கணும்” என்பார். அவளுடைய வார்த்தை அப்படியே அவர் வாயிலிருந்து வரும். சில சமயம் அதைத் தப்பாகச் சொல்வார். ஓடுகிற நாயின் நான்கு காலும் ஒரே நேரத்தில் முன்னால் நீள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததில் ஒரு வகுப்பு முழுக்க நாய்கள் கட்டை மாதிரி ஓடின. செங்கமலம் டம்ளரை விரல் வெளுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவள் தண்ணீர் கொடுக்கிற ஆயா. ‘டப்பா டீச்சர்’ என்ற பேச்சே இரண்டு வருடத்தில் அடங்கிப்போயிற்று.

இப்படி ஆறு வருடம் போனது. திருச்சியில் நடந்த ஒரு கண்காட்சியில் மியூசியத்தின் உருளைகளுக்குப் பரிசு கிடைத்தது. குழந்தைவேலுக்குச் சால்வை போட்டார்கள். திங்கட்கிழமை ராசாங்கம் அந்தச் செய்தி வந்த பேப்பரை அவளிடம் காட்டி, “இது ஒனக்கு வந்ததுதான்” என்றார். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க” என்றாள்.

1986-ல் மத்திய அரசின் நிதி ஒன்று வந்தது. அதில் மியூசியத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம்: பயிலரங்குக் கல்வி உதவியாளர். எட்டாவது தேறியிருந்தால் போதும். வயது நாற்பத்திரண்டுக்குள். ஐந்து வருடமாவது பிள்ளைகளுக்குச் செய்முறையாகச் சொல்லிக்கொடுத்த அனுபவம் வேண்டும். ராசாங்கம் விளம்பரத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

“ஒனக்காகவே எழுதுன மாதிரி இருக்கு. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள இத ஒனக்கு வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். அதுக்கப்புறம்தான் எனக்கு மனசு ஆறும்.”

செங்கமலத்துக்கு அப்போது நாற்பத்தொன்று. விண்ணப்பத்தை மலர்கொடி எழுதினாள். பத்தாவது முடித்திருந்த அந்தப் பெண்ணிடம் முதல்முறையாக அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், டிக்கெட் கட்டு, வனஸ்பதி டின், ஆட்டுக்குட்டி எல்லாம். கையெழுத்துப் போட்ட கதையை மட்டும் விட்டுவிட்டாள். அதை அவளே மறந்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நேர்காணல் மியூசியத்திலேயே நடந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், அறக்கட்டளைச் செயலாளர், ராசாங்கம், மூன்று பேர் மேசைக்குப் பின்னால். செங்கமலம் புதுச்சேலை கட்டியிருந்தாள். அதிகாரி ஒரு வெற்றுத் தாளை நீட்டி, “எதையாவது அசைய வச்சுக் காட்டுங்கம்மா” என்றார். அவள் பத்தே நிமிடத்தில் பன்னிரண்டு படம் போட்டு, தாளை உருளைக்குள் வைத்துச் சுற்றிவிட்டாள். ஒரு பெண் தலையில் குடத்தோடு குனிந்து நிமிர்கிறாள். குடம் சாயவில்லை, கழுத்து மட்டும் அசைந்து சமன் செய்கிறது. அதிகாரி எழுந்து வந்து குனிந்து கீறல் வழியே பார்த்தார். இரண்டாவது தடவையும் சுற்றச் சொன்னார்.

“அபாரம். எத்தனை வருஷமா சொல்லிக்கொடுக்கறீங்க?”

“ஏழு வருசமாங்க.”

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். கோப்பைத் திறந்து ஒரு தாளை அதிகாரி பக்கம் தள்ளினார். அதிகாரி படித்தார். பழுப்பேறிய அந்தத் தாளின் அடியில் இருந்த தன் கையெழுத்தை செங்கமலம் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

அவள் ராசாங்கத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். “சார், அந்தச் சமயத்துல ஒரு சூழ்நிலை…” என்று ஆரம்பித்தார். செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “இத டைப் அடிக்கச் சொன்னது நீங்கதானே சார்? இதுல இருக்கறது உண்மையா, பொய்யா? நீங்களே சொல்லுங்க, ரெக்கார்டுல எழுதிக்கறோம்” என்றார். பொய் என்றால் பொய்ப் பத்திரம் தயார் செய்தவர் ராசாங்கம். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்; கைக்கு வரவேண்டிய பணம் முழுவதும் அந்தச் செயலாளரின் கையெழுத்தில் இருக்கிறது.

ராசாங்கம் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கோப்புல இருக்கறதுதான் சார் ரெக்கார்டு.”

செங்கமலம்தான் பேசினாள்.

“கையெழுத்து என்னோடதுதாங்க. ஆனா அதுல எழுதியிருக்கறது பொய்யிங்க.”

“பொய்யின்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?”

“ஆமாங்க.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். அவருக்கு வருத்தம்தான், அது முகத்தில் தெரிந்தது. “பாருங்கம்மா, இது உண்மைன்னா உங்களுக்கு அனுபவம் கிடையாது. பொய்யின்னா, பொய்யா எழுதிக்கொடுத்தவங்கள ஒரு அரசாங்க நிதிப் பதவிக்கு நான் எப்படிப் பரிந்துரைக்கிறது?”

செங்கமலம் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். வெளியே நாற்காலியில் அடுத்ததாகக் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த நோட்டு. அவரும் விண்ணப்பித்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. நிரந்தரமில்லாத பள்ளி வேலையை விட்டுவிட்டு ஜாகையையும் அரியலூருக்கு மாற்றிக்கொண்டார். பதவியேற்ற முதல் வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல நோட்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்கு வந்தார். செங்கமலம் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“செங்கமலம், நாளைக்கு மீன் நீந்தறது வைக்கலாமா? வால் எப்புடி வளையும்னு கொஞ்சம் போட்டுக் காட்டேன்.”

“நான் தண்ணியும் காயிதமும்தாங்க குடுப்பேன். எழுதிக் குடுத்திருக்கேன்.”

குழந்தைவேல் நோட்டை மூடினார். “எம்மேல ஏன் கோவம்? நானா போயி அவங்களக் கேட்டேன்? செயலாளர்தான் மனு போடச் சொன்னாரு.”

“நீங்க கேக்கலைங்க. வேணாம்னும் சொல்லலைங்க.”

“எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு, செங்கமலம்.”

அவள் துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சமன் செய்தாள். அவர் போய்விட்டார். அப்படிச் சொன்னதில் அன்றைக்கு அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தத் திருப்தி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. குழந்தைவேல் பழைய நோட்டை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார். நோட்டில் இல்லாத எதையாவது பிள்ளைகள் கேட்டால் திணறினார், திணறினால் அதட்டினார். தாமரை திரும்பி வந்தது. ஒரு சனிக்கிழமை ஒரு சிறுமி அணில் ஓடுவதை வரைந்திருந்தாள். சுற்றிவிட்டால் அணில் நடுவில் ஒரு இடத்தில் திடுக்கென்று தாவியது. ஏன் என்று அவள் கேட்க, “கவனமா போடணும்னா காதுல விழுதா?” என்று அவர் தாளைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். அந்தப் பெண் தாளைப் பொறுக்கிக்கொண்டு பானைப் பக்கம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஆயா, இது ஏன் நடுவுல வெட்டுது?”

செங்கமலம் ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டாள். ஏழாவது படத்துக்கும் எட்டாவது படத்துக்கும் இடையில் அணில் இரண்டு பங்கு தூரம் போயிருந்தது. எட்டாவதை அழித்துக் கொஞ்சம் பின்னால் போட்டால் போதும். ஒரு வார்த்தை. ஜன்னலோரம் குழந்தைவேல் பேப்பரைத் தாழ்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது அந்தப் பார்வை.

அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

“எனக்குத் தெரியாதும்மா. சாரைக் கேளு.”

சிறுமி தண்ணீரைக் குடித்தாள். தாளை நான்காக மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. செங்கமலம் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆனால் கண்ணாடி துடைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த எட்டாவது படம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. தனக்கு அநியாயம் செய்தவர்கள் மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். தன்னால் முடிந்தது இந்தப் பக்கம் நின்ற ஒரு பத்து வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதுதான். இதை அவள் மலர்கொடியிடம்கூடச் சொன்னதில்லை.

கூட்டம் முப்பதிலிருந்து பத்தானது, பத்து நான்கானது. 1988 கோடையோடு பயிலரங்கை நிறுத்திவிட்டார்கள். குழந்தைவேலின் பதவி நிரந்தரம். அவர் டிக்கெட் மேசையில் உட்கார்ந்தார். செங்கமலம் தொடர்ந்து கூட்டினாள்.

அந்த வருடம் ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராசாங்கம் அவள் ஊருக்கு வந்தார். ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திருச்சியில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஆள் இளைத்து, கையில் குடையும் ஒரு காக்கி உறையுமாக விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார். மலர்கொடி அவசரமாக நாற்காலி கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவர் வேண்டாம் என்று வாசல் கல்லிலேயே உட்கார்ந்தார். கொடுத்த மோரைக் குடித்தார்.

“செங்கமலம், ஒரு காரியம் பண்ணியிருக்கேன்” என்று உறையைப் பிரித்தார். பத்திரத்தாளில் எழுதியிருந்தது. “அந்தத் தாள நாந்தான் எழுதச் சொல்லி கையெழுத்து வாங்குனேன், அதுல இருக்கறது அத்தனையும் பொய், பயிலரங்க ஆரம்பிச்சதே நீதான்னு எழுதியிருக்கேன். வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போட்டாச்சு. இத வச்சு நீ மனு போடு.”

“எந்த வேலைக்குங்க?”

அவர் கொஞ்சம் தடுமாறினார். “எதுக்காவது… இனிமே வந்தா.”

“எனக்கு நாப்பத்திமூணு முடியப்போவுதுங்க.” செங்கமலம் தாளை வாங்கவில்லை. கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை ஓரமாக வைத்தாள். “உங்க பணமெல்லாம் வந்துருச்சுங்களா சார்?”

“போன மாசம்தான் செட்டில் பண்ணாங்க.”

“அதான் எழுதிட்டீங்க.”

ராசாங்கத்தின் முகம் சுருங்கியது. மலர்கொடி கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவை, போதும் என்பதுபோல் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் குடைக்கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தப்புதாம்மா. அன்னிக்கி நான் பேசியிருக்கணும். ராத்திரியில தூக்கமே கிடையாது. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வயதான மனுசன், வெயிலில் வந்திருக்கிறார். ஒரு காலத்தில் அவளுடைய வரிகளை எண்ணிப் பார்த்த ஒரே ஆள். ஆனால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்லி இன்னொரு தடவை எழுதிக்கொடுக்க அவளால் முடியாது.

“பஸ்ஸு அஞ்சரைக்குங்க” என்றாள். “அத விட்டா எட்டு மணிக்குத்தான்.”

அவர் உறையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். மலர்கொடி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடப் போனாள். அவள் திரும்பி வந்தபோது அம்மா கேழ்வரகைப் புடைத்து முடித்துப் பானையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“அழுதுட்டே போனாரும்மா.”

“பஸ்ஸு கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“சரி. வெளக்கேத்து” என்றாள் செங்கமலம்.